ஏழுமலையும் துரைக்கண்ணுவும் ஒருவரே

போன மாதம் எனக்கே ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. கணவரின் பென்ஷன் தாளில் நான் எஸ்தர். ஆதார் அட்டையில் எஸ்தர் ராணி. அந்த ராணி எங்கிருந்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே கிழவிதான் என்று சத்தியம் செய்து, நோட்டரியிடம் முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள்.

புளியமரத்தடியில் மேஜை போட்டு ஒரு நோட்டரி உட்கார்ந்திருந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கேஸ் சிலிண்டர் வந்ததா இல்லையா என்று வீட்டில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே என் தாளை இழுத்தார், டக் டக்கென்று குத்தினார், கிறுக்கினார், "அடுத்து" என்றார். கம்ப்யூட்டரில் அடித்திருந்த அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? எஸ்தர் ராணி என்பவர் என் முன்னிலையில் தோன்றி, 'சாலம்ன்லி' (solemnly) உறுதி கூறினார் என்று இருந்தது.

"தம்பி, என் மூஞ்சிய பாக்கவே இல்லியே?" என்றேன்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேசாக அல்ல, மூக்குக்கண்ணாடி நழுவும் அளவுக்கு.

"இன்னாம்மா சிரிக்கிறீங்க?" என்றார் பாவம். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அங்கே நின்று சொல்லி முடிகிற கதையா அது? துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண், புதிதாக வக்கீல் ஆனவள், பஸ்ஸில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அந்த வார்த்தைல அப்டி இன்னா காமெடி?" அவளுக்குப் பாதி சொன்னேன். மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் தட்டச்சில் லோயரும் ஹையரும் முடித்தேன், சுருக்கெழுத்தும் கற்றேன். அதோடு என் படிப்பு தீர்ந்தது. அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். அவர் சொல்லிவைத்து, ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்த வக்கீல் ஜீவரத்தினம் சாரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் இருக்கும். சார் நோட்டரியும்கூட. ஊரில் அப்போது வேறு நோட்டரி கிடையாது. தோல் பதனிடும் டேனரிகளில் வேலை செய்கிறவர்கள், தோல் வியாபாரிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், நர்சுகள், எல்லோருடைய சத்தியமும் அந்த மரப்படியில் ஏறித்தான் வரவேண்டும்.

ஜீவரத்தினம் சார் சிரித்து நான் பார்த்ததில்லை. சிடுமூஞ்சி என்று சொல்ல மாட்டேன். கோபமும் படமாட்டார். அந்த முகத்தில் எதுவுமே ஏறாது, அவ்வளவுதான். டீக்கடைக்காரரையும் "நீங்கள்" என்பார். மேஜைக்கு வரும் பூனையைக்கூட "இறங்குங்கள்" என்றுதான் சொல்வார். பேசுவதெல்லாம் அச்சடித்த தமிழ். பாராட்டு, மறுப்பு, சம்மதம், சந்தேகம் எல்லாவற்றுக்கும் ஒரே "ம்" தான். அதில் எது எந்த "ம்" என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

சத்தியம் செய்ய வருகிறவர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வந்தவுடன் கூப்பிடமாட்டார். கால்மணி நேரம் பெஞ்சில் உட்காரவைப்பார். "ஆறட்டும்" என்பார், என்னமோ இட்லிப் பானையை இறக்கிவைத்தது மாதிரி. வெற்றிலை போட்டிருந்தால் துப்பி, பானைத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். சட்டைக்கு மேல் பட்டன்வரை போட வேண்டும். பட்டன் இல்லாதவர்களுக்காக என் மேஜை டிராயரில் ஒரு டப்பி ஊக்கு இருக்கும். பிறகு சார் கறுப்புக் கோட்டை மாட்டுவார். ஆம்பூர் மே மாதத்தில், கோட்டு! அதற்குப் பிறகு என்னைப் பார்த்து, "ஃபேனை நிறுத்துங்கள்" என்பார். காற்று ஓடினால் கவனம் ஓடும் என்பது அவர் கட்சி. நிறுத்தியதும் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றும்.

அப்புறம் ஆங்கிலத்தில் உள்ளதை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுவார். "புரிந்ததா?" என்று மூன்று முறை கேட்பார். "உளமார உறுதி கூறுகிறேன்" என்று அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு மனசுக்குள் ஏழுவரை எண்ணுவார். உதடு அசைவதை வைத்து நான்கூட எண்ணுவேன். முகம் கலையாமல் இருந்தால் "ம்". அதற்குப் பிறகுதான் முத்திரை. தாளை இரண்டு தாடைக்கு நடுவே வைத்து அழுத்தும் இரும்பு முத்திரை அது. எண்ணெய் பார்த்தே இருக்காது. அழுத்தினால் 'க்ரீ...ச்' என்று கீழே செருப்புக்கடை வரைக்கும் கேட்கும். கடைசியாக, "ஃபேனைப் போடுங்கள்." அதைக் கேட்டால்தான் சத்தியம் முடிந்தது என்று அர்த்தம். எத்தனையோ பேர் அந்த வார்த்தைக்குத் தெய்வ வாக்கு மாதிரி காத்திருந்திருக்கிறார்கள்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த 'சாலம்ன்லி'யை நாற்பது தடவையாவது அடித்திருப்பேன். பொறுக்க முடியாமல், "சார், இதுக்கு அர்த்தம் இன்னா சார்?" என்று கேட்டேன். சார் எழுந்துபோய், அலமாரியிலிருந்து தலையணை கனத்தில் ஓர் அகராதியைத் தூக்கிவந்து என் டைப்ரைட்டர் பக்கத்தில் தொப்பென்று வைத்தார். "மதிய உணவு வேளையில் வாசியுங்கள்."

வாசித்தேன். அது லத்தீனிலிருந்து வந்ததாம். முதல் பாதிக்கு 'முழுமை' என்று அர்த்தம். பின் பாதி 'ஆண்டு' என்பார்கள், ஆனால் அதில் பண்டிதர்களுக்குள் தகராறு உண்டு என்று அகராதியே சொல்லியது. மொத்தத்தில், வருஷா வருஷம் குறித்த நாளில் குறை வைக்காமல் நடத்துகிற சடங்கு. அதுதான் ஆதி அர்த்தம். அப்படியானால் எங்கள் சர்ச்சில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையும் சோளிங்கர் மலைத் திருவிழாவுக்குப் போவதும் எல்லாம் அந்த வார்த்தைக்குள்தானே வரும்? அங்கெல்லாம் ஜனங்கள் சிரித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும்தானே இருக்கிறார்கள்? நூற்றாண்டுகள் போகப் போக யாரோ உம்மணாமூஞ்சிகள் கையில் இந்த வார்த்தை மாட்டிக்கொண்டு, மூன்றாவது அர்த்தமாக 'சிரிப்பற்ற, கனத்த' என்று ஆகிவிட்டது. சாயங்காலம் சாரிடம் இதைச் சொன்னேன். "ம்" என்றார். அது எந்த "ம்" என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நோட்டரி ஆன புதிதில், தெரிந்தவர் கொண்டுவந்த தாளில் ஆள் முகம் பார்க்காமல் முத்திரை போட்டுவிட்டாராம். அந்த ஆள் அதற்குப் பத்து நாள் முன்பே இறந்துபோனவர். அந்தத் தாளால் ஒரு விதவை வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது. சாரே நீதிபதி முன்னால் நின்று தன் தப்பை ஒப்புக்கொண்டு அந்தம்மாவுக்கு வீட்டை மீட்டுக் கொடுத்திருக்கிறார். "இறந்த மனிதர் என் முன் தோன்றி உறுதி கூறியதாக நான் கையெழுத்திட்டவன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். வாய் சும்மா இருக்குமா எனக்கு? "செத்தவரு ரொம்ப சாலமாதான் சார் இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சார் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அந்த ஏழு எண்ணிக்கையை நான் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

இப்போது ஏழுமலை கதைக்கு வருகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. டேனரியில் தோல் சுற்றுகிற பெரிய மரப்பீப்பாயை டிரம் என்பார்கள். அந்த டிரம்மில் வேலை செய்கிற ஏழுமலை என்பவர் படியேறி வந்தார். துணைக்கு அவருடைய மேஸ்திரி ரஹீம் பாய். கூடவே ஏழுமலையின் மகள் செல்வி, பள்ளிக்கூட இறுதித் தேர்வில் நல்ல மார்க் வாங்கிய பெண். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு நேர்காணல். இருக்கிற ஒரே சிக்கல், பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் துரைக்கண்ணு என்று இருந்தது. முதல் வகுப்பில் சேர்க்கப் போன தாய்மாமன், வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ரேஷன் கார்டு, டேனரி அட்டை எல்லாவற்றிலும் ஏழுமலை. இரண்டு பேரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் இல்லாவிட்டால் நேர்காணலுக்கு உள்ளேயே விடமாட்டார்களாம்.

அரை மணியில் அடித்துக் கொடுத்தேன். ஏழுமலை பெஞ்சில் ஆறினார். வாய் கொப்பளித்தார். கழுத்துக்கு ஊக்கு போட்டார். கோட்டு ஏறியது, ஃபேன் நின்றது. சார் அவருடைய முகத்துக்கு நேராகப் பார்த்து, அந்த அச்சுத் தமிழில் கேட்டார்.

"ஏழுமலை என்பவரும் நீங்கள்தானா?"

"ஆமா சார்."

"துரைக்கண்ணு என்பவரும் நீங்கள்தானா?"

"ஆமா..." என்று ஆரம்பித்தவர் முகம் உப்பியது. கன்னம் இரண்டும் ஆடின. புஸ்ஸென்று வெடித்துவிட்டார்.

சார் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியது. "நீங்கள் இருவரும் ஒருவர்தான் என்று உளமார உறுதி கூறுகிறீர்களா?"

அவ்வளவுதான். ஏழுமலை மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நியாயமாகப் பார்த்தால், ஒற்றை ஆளை நிற்கவைத்து நீங்கள் இருவரும் என்று ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு கேட்டால் சிரிப்பு வராதவன் மனுஷனா?

சார் கோட்டைக் கழற்றினார். "இன்று வேண்டாம். நாளை வாருங்கள்."

அவர்கள் இறங்கிப்போன பிறகு ரஹீம் பாய் மட்டும் திரும்பி வந்து என்னிடம் புலம்பினார். "டீச்சரம்மா, இவன் என் தோஸ்த்துதான். ஆனா இவனோட பெரிய பேஜாரும்மா. சீரியஸா இருன்னு சொன்னா போதும், சிரிச்சிடுவான். பொறந்ததுலருந்து இப்டிதான்." நான் டீச்சர் இல்லை என்று அவருக்குப் பத்து தடவை சொல்லியாகிவிட்டது. கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற கிறிஸ்தவப் பெண் என்றால் எங்கள் பக்கம் டீச்சரம்மாதான்.

சனிக்கிழமை காலை ஆயுதங்களோடு வந்தார்கள். ஏழுமலை வாயில் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தார், காரத்தில் சிரிப்பு வராதாம். 'துரைக்கண்ணு' என்றதும் கிராம்பு பறந்துபோய் அகராதிமேல் விழுந்தது. அடுத்த முறை ரஹீம் பாய் பின்னால் நின்று இடுப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். ஏழுமலைக்குக் கூச்சம் வேறு இருந்தது தெரியாமல் போச்சு. துக்கமாக எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். கண்ணை மூடி, செத்துப்போன தன் எருமையை நினைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் முகம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த எருமை ஒரு தடவை கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தது ஞாபகம் வந்துவிட்டது. சுவரைப் பார்த்து நின்று சொல்லட்டுமா என்று கேட்டார்கள். "முகம் பார்க்கப்பட வேண்டும்" என்றார் சார்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. செல்வி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தாவணி நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அப்பாவைத் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அவர் வெளியே வந்ததும் எழுந்து, "உடு நைனா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழுமலை அவளுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி நின்றுகொண்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

நான் அகராதியைத் தூக்கிக்கொண்டு சார் அறைக்குள் போனேன்.

"சார், இதுல மூல அர்த்தம் முழுமைன்னுதான் இருக்கு. நம்ம தமிழ்லயும் உளமாரன்னுதான் சொல்றோம். முகமாரன்னு எங்கயும் இல்லியே சார்? அவரு உள்ளம் முழுசாதான் இருக்கு. மூஞ்சிதான் சொன்ன பேச்சு கேக்கல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஸ்தர், மூன்றாவது அர்த்தத்தை ஏன் வாசிக்காமல் விட்டீர்கள்?"

எனக்கு அசடு வழிந்தது.

"அவர் சிரித்தார். சிரிக்கவில்லை என்று பொருள்படும் தாளில் நான் கையெழுத்திட முடியாது. நடக்காததை நடந்ததாக ஒரு முறை எழுதியவன் நான்."

"அப்போ நடந்தத நடந்தபடியே எழுதிடலாமே சார்!" என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். கீழே செருப்புக்கடையில் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது.

சார் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஏழுவரை எண்ணினார்.

"சுருக்கெழுத்து நோட்டை எடுங்கள்" என்றார். "அவர்களைக் கூப்பிடுங்கள். விசாரணை நடத்த வேண்டும்."

அந்த விசாரணையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ரஹீம் பாயை நிற்கவைத்து, "இவர் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் சிரித்திருக்கிறார்?" என்று சார் கேட்டார்.

"கல்யாணத்துல தாலி கட்டும்போது சிரிச்சான் சார். மாமியா சாவுல சிரிச்சி, ஊரே அடிக்க வந்துச்சி. போன வருஷம் டிரம்முல விரல் மாட்டிச்சி, ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போறோம், ரத்தம் ஜாஸ்தியா போவுது, அப்பவும் சிரிச்சினே வர்றான். டாக்டரு எங்கள திட்றாரு, இன்னாய்யா வெளையாட்டான்னு."

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சார் ஏழுமலை பக்கம் திரும்பினார். "எப்போதாவது அழுதிருக்கிறீர்களா?"

ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். "ஒரே ஒரு தபா சார். செல்வி பொறந்தன்னிக்கு. எல்லாரும் சிரிச்சாங்க, நான் மட்டும் அழுதுட்டேன். மெய்யாலுமே சிரிக்கவேண்டிய அன்னிக்கு எனுக்கு வரல சார்."

"ம்" என்றார் சார். அது எந்த "ம்" என்று எனக்கு உடனே புரிந்தது.

கோட்டு ஏறியது, ஃபேன் நின்றது. ஏழுமலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார். சார் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சான்றுரையின் கீழே நான் அடித்த வரிகளின் தமிழ் இதுதான்: 'பிரமாணம் செய்தவர் தொடக்கம் முதல் முடிவு வரை சிரித்தார். அச்சிரிப்பு அவரது இயல்பே அன்றி, உண்மைக்குச் செய்யும் அவமதிப்பு அல்ல என்பதை விசாரித்து அறிந்து திருப்தியடைந்தேன். அவர் முழுமையாக உறுதி கூறினார்.' 'சாலம்ன்லி' என்ற வார்த்தையை அடிக்கப் போன என் விரல் தயங்கியது. "அதுவும் இருக்கட்டும்" என்றார் சார். முத்திரை 'க்ரீ...ச்' என்றது. அதற்கும் ஏழுமலை சிரித்தார்.

"ஃபேனைப் போடுங்கள்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அதே நினைப்புதான். அப்படி ஒரு பத்திரத்தை எந்த ஆபீஸ் ஏற்கும்? யோசனை சொன்னவள் நான். பழி என் தலையில்தானே விழும்? சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன் என்று அம்மா திட்டினாள்.

நடந்ததைச் செல்விதான் வந்து சொன்னாள். நர்சிங் பள்ளித் தலைவி வெள்ளைப் புடவை கட்டிய அம்மாவாம், அந்தம்மாவைக் கண்டால் கட்டில்கூட நேராக நிற்குமாம். பத்திரத்தை இரண்டு முறை படித்திருக்கிறார். "உன் தகப்பனார் வந்திருக்கிறாரா? வரச் சொல்" என்றிருக்கிறார். ஏழுமலை உள்ளே போய் நின்றிருக்கிறார்.

"ஏழுமலை?"

கன்னம் உப்பியிருக்கிறது.

"துரைக்கண்ணு?"

வெடித்துவிட்டார். பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தம்மா முகம் மாறாமல் தாளில் ஒரு டிக் போட்டு, "பத்திரத்தில் உள்ள ஆள் இவரேதான். இவ்வளவு தெளிவான அடையாளத்தோடு இதுவரை ஒரு பத்திரமும் வந்ததில்லை" என்றாராம். செல்விக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததைப் பார்த்தபோதுதான், அவள் யார் மகள் என்பதற்கும் பத்திரம் தேவையில்லை என்று எனக்குப் பட்டது.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஏழுமலை படியேறி வந்தார்.

"இன்னா விஷயம்?" என்றேன்.

"அன்னிக்கி ஒயுங்கா சொல்லலியேம்மா. மனசு கேக்கல. சார் பெரிய மனசு பண்ணி கையெயுத்து போட்டாரு. இந்த தபா சிரிக்காம சொல்லி குட்த்துட்டு போறேன்."

அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே பார்த்தால் சார் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "ஃபேனை நிறுத்துங்கள்" என்றார். பெஞ்சு, பானைத் தண்ணீர், ஊக்கு, மூன்று "புரிந்ததா", ஒன்றும் குறையவில்லை. 'துரைக்கண்ணு' என்றதும் ஏழுமலை வெடித்தார். "அடுத்த வருஷம் முயலுங்கள்" என்றார் சார். தாள் இல்லாததால் முத்திரை மட்டும் கிடையாது. பிறகு மூன்று பேரும் பேடா தின்றோம்.

அதற்கு அடுத்த வருஷமும் வந்தார். அதற்கு அடுத்த வருஷமும். ஒரு தடவை மழையில் நனைந்துகொண்டு வந்தார். ஒரு தடவை வெளியூர் போய்த் திரும்பும்போது ஜோலார்பேட்டையில் ரயிலைத் தவறவிட்டு, லாரியில் பச்சைத் தோல் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தார். அந்த நாற்றத்துக்கு அன்று மட்டும் ஃபேனை நிறுத்த வேண்டாம் என்று நானே கெஞ்சினேன். சார் கேட்கவில்லை. நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம், குறித்த நாளில், குறை வைக்காமல்!

"சார்!" என்று ஓடினேன். "அகராதி! ஆதி அர்த்தம்!"

"மூன்றாவது அர்த்தத்தை வாசிக்காதவர் நீங்கள்" என்றார் சார், பேடாவைப் பிட்டபடி. "முதலாவதை வாசிக்காதவன் என்று என்னை நினைத்தீர்களா?"

எட்டு வருஷம் இப்படிப் போனது. ஒன்பதாவது ஆனியில் சார் படியேற முடியாமல் போனார். வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நெஞ்சில் நீர் என்றார்கள். செல்வி அதே ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆகி, அதே வார்டில் இருந்தாள். அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு நாலு நாள் கழித்துச் சார் போய்விட்டார். அவர் பிழைக்கமாட்டார் என்பது அந்தச் சனிக்கிழமை அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. சாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வரும்போது கோட்டை எடுத்துவரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம். நான் தூக்கிப் பிடிக்க, ஆஸ்பத்திரிச் சட்டைமேல் கறுப்புக் கோட்டு ஏறியது. உள்ளே அவர் உடம்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஏழுமலை கட்டில் முன்னால் நின்றார், கழுத்துப் பட்டனைத் தானே போட்டுக்கொண்டு. சார் செல்வியைப் பார்த்து, "ஃபேனை நிறுத்துங்கள்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் முணுமுணுத்தார். செல்வி நிறுத்தினாள்.

"ஏழுமலை என்பவரும் நீங்கள்தானா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஆமா சார்."

"துரைக்கண்ணு என்பவரும் நீங்கள்தானா?"

"ஆமா சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னம் உப்பவில்லை. உதடு நடுங்கவில்லை. "நானும் நானும் ஒருத்தன்தான்னு உளமார உறுதி கூறுகிறேன்" என்று தெளிவாக, கல்லில் வெட்டியது போலச் சொல்லி முடித்தார். கண்ணிலிருந்து நீர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக வராத அந்த முகம் அன்று வந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சார் ஏழுவரை எண்ணினார். ஏழு தாண்டியும் "ம்" வரவில்லை.

"எஸ்தர்" என்றார். "இவர் யார்?"

"சார்... ஏழுமலை சார்."

"இல்லை. பத்திரத்தில் உள்ளவர் தொடக்கம் முதல் முடிவு வரை சிரிப்பவர். விசாரித்து நானே எழுதியிருக்கிறேன். இவர் வேறு ஆள். அடையாளம் பொருந்தவில்லை. இது செல்லாது."

பிறகு ஏழுமலையின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்னம் உப்பியது. கண்ணீரும் மூக்குமாக, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷர் சிரித்தார் பாருங்கள்! செல்விக்கும் தொற்றிக்கொண்டது. வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"ம்" என்றார் சார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"முத்திரை?"

முத்திரை ஆம்பூரில் அலமாரியில் இருந்தது. நான் என்ன செய்வேன்? சார் நீட்டிய உள்ளங்கையை என் இரண்டு கைக்கும் நடுவே வைத்து அழுத்தி, வார்டு முழுக்கக் கேட்கும்படி வாயாலேயே, "க்ரீ...ச்" என்றேன்.

சார் கண்ணை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார்.

"ஃபேனைப் போடுங்கள்" என்றார்.